சிங்கப்பூர் பினக்கிள் அட் டக்ஸ்டன் 50வது மாடி: 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குடுத்து ஏறலாமா?

முதல்ல ரிசல்ட்டைச் சொல்லிடறேன், நிறைய பேர் அதுக்குத்தான் வந்திருப்பீங்க. ஏறலாம். தாராளமா ஏறலாம். மரினா பே சாண்ட்ஸ் உச்சிக்குப் போக கேக்கற காசுல கால்வாசி கூட வராது, தள்ளுமுள்ளு கிடையாது, செல்ஃபி ஸ்டிக் ஆளுங்க தொல்லை கிடையாது, காத்து அள்ளிட்டுப் போகும். ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா மெர்லயன், யுனிவர்சல், முஸ்தஃபான்னு அதே ரவுண்டு அடிச்சு அலுத்துப் போனவங்க இதை லிஸ்ட்ல சேத்துக்கலாம்.

ஆனா வ்யூவுக்கு மட்டும் ஸ்டார் போட்டுட்டுப் போறதா இருந்தா நாலு வரி போதும். இது ஹோட்டலோ மாலோ இல்லையே, ஜனங்க குடியிருக்கற எச்டிபி (சிங்கப்பூர் கவர்மெண்ட்டோட வீட்டு வசதி வாரியம்) புளோக். நகரத்துக்கு நட்டநடுவுல பழசாகிப் போன ரெண்டு புளோக்கை இடிச்சுட்டு அதே இடத்துல கவர்மெண்ட் கட்டி சாதாரண சம்பளக்காரங்களுக்கு வித்த 1,848 வீடு. அதனால வீட்டையும் சேத்தே ரிவ்யூ பண்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

போற வழி சுலபம். அவுட்ரம் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்கினாலும் சரி, தஞ்சோங் பகார்ல இறங்கினாலும் சரி, நடந்தே போயிடலாம். கண்டோன்மென்ட் ரோட்டுல ஏழு டவர் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துட்டு நிக்கும், தப்பவே விடமாட்டீங்க. 1ஏ லேர்ந்து 1ஜி வரைக்கும் புளோக் நம்பர், டிக்கெட் 1ஜி புளோக்குல கீழ. ஒரு நாளைக்கு 150 பேர்தான் மேல விடுவாங்க, அதனால சனி ஞாயிறு சாயங்காலம் சூரியன் மறையறதைப் பாக்கலாம்னு கடைசி நேரத்துல போய் நிக்காதீங்க. டிக்கெட் எடுக்கற முறையை நடுவுல மாத்தியிருக்காங்க, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிக்கோங்க.

என் கூட வந்தது மாமனாரும் மாமியாரும். மாமா தஞ்சாவூர் பக்கம் பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்து ரிட்டயர்ட் ஆனவர், எந்த ஊருக்குப் போனாலும் எல்லாரும் வானத்தைப் பாத்தா இவர் மட்டும் தூணைப் பாப்பார். லிஃப்டுக்கு நிக்கறப்பவே ஆரம்பிச்சுட்டார்.

"மாப்ள, இது எந்த கம்பெனி அபார்ட்மென்ட்?"

"கவர்மெண்ட் வீடு மாமா."

"அட போங்க மாப்ள, விளையாடாதீங்க."

நம்பவே இல்ல. அவர் மேல தப்பு இல்ல, 50 மாடி, ஏழு டவர், எல்லாத்தையும் 26வது மாடியிலயும் 50வது மாடியிலயும் பாலம் போட்டு இணைச்சிருக்கு, ஒவ்வொரு பாலமும் சுத்தி வந்தா அரை கிலோமீட்டர் நீளத் தோட்டம். உலகத்துலயே இவ்வளவு நீளமான வானத்தோட்டம் வேற இல்லன்னுதான் கட்டி முடிச்சப்ப சொன்னாங்க. ஊர்ல ஹவுசிங் போர்டு வீடுன்னா நாலு மாடி, மஞ்சப் பெயின்ட், மொட்டை மாடியில கருப்பு சின்டெக்ஸ், அவ்வளவுதான் அவர் மனசுல இருக்கற படம்.

கதை கொஞ்சம் சொல்லணும், இல்லாட்டி மேல நின்னு பாக்கறப்ப எதுவும் பிடிபடாது. 1950கள்ல இந்த சைனாடவுன், தஞ்சோங் பகார் பக்கம்லாம் கீழ கடை மேல வீடுன்னு இருக்கற கடைவீடுங்க, ஒரு மாடியை பலகை வச்சு தடுத்து தடுத்து சின்னச் சின்ன அறையாக்கி ஜன்னல் கூட இல்லாத அறையில ஒரு குடும்பமே இருக்கும், எல்லாருக்கும் சேத்து ஒரு அடுப்படி, கக்கூஸ்னா வாளிதான். அந்த வாளி எடுக்கற வேலை சிங்கப்பூர்ல முழுசா நின்னதே 1987லதான், நம்புங்க. 1960 பிப்ரவரியில எச்டிபி ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் மே மாசம் புக்கிட் ஹோ ஸ்வீயில பெரிய தீ, 16,000 பேர் வரைக்கும் ஒரே நாள்ல வீடில்லாம நின்னாங்க, அதுக்கப்புறம் கட்டற வேகம் எங்கயோ போயிடுச்சு. அந்த அலையில 1960கள்ல தஞ்சோங் பகார்ல எழும்பின முதல் ரெண்டு எச்டிபி புளோக் நின்ன இடம்தான் இது. அப்போ இது சிங்கப்பூரோட முதல் பிரதமர் லீ குவான் இயூவோட தொகுதி, 1955லேர்ந்து 2015ல அவர் சாகற வரைக்கும் அவர் தொகுதிதான், அதனால இந்த மண்ணுக்கு ஒரு சென்டிமென்ட் உண்டு.

நாப்பது வருஷத்துல அந்த புளோக்கும் கிழடு தட்டிடுச்சு. சுத்தி ஆஃபீஸ் டவர் வளந்துட்டு இருக்கு, நடுவுல இது. சாதாரணமா எந்த ஊரா இருந்தாலும் இந்த மாதிரி இடம் காலியானா அடுத்த நிமிஷம் ஒரு பில்டர் லக்சுரி காண்டோ (தனியார் அடுக்குமாடி) போர்டு மாட்டிருவான். அது நடக்கல. 2001ல சர்வதேச டிசைன் போட்டி வச்சாங்க, 32 நாட்டுலேர்ந்து 227 டிசைன் வந்துச்சு, கடைசியில ஜெயிச்சது உள்ளூர் ஆர்க்கிடெக்ட் கம்பெனி ஆர்க் ஸ்டூடியோ, ஆர்எஸ்பிங்கற இன்னொரு கம்பெனியோட சேந்து. 2004ல வித்தாங்க, 2009 டிசம்பர்ல கட்டி முடிச்சாங்க.

இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். மையத்துல இருக்கற நிலத்தை ஏலத்துல விட்டிருந்தா கொட்டோ கொட்டுன்னு கொட்டியிருக்கும். பக்கத்துலயே பாருங்க, அவுட்ரம் மேட்டுல பேர்ல் பேங்க் அபார்ட்மென்ட்ஸ்னு குதிரை லாட வடிவத்துல ஒரு பழைய தனியார் கட்டடம், 1976ல கட்டினது, 38 மாடி, அதை 2018ல 72 கோடியே 80 லட்சம் வெள்ளிக்கு வித்து இடிச்சு இப்போ புது காண்டோ நிக்குது. ரெண்டும் நடந்து போற தூரம். ஒண்ணு காண்டோ ஆச்சு, இது டீச்சருக்கும் க்ளார்க்குக்கும் வீடாச்சு.

சரி, மேல.

லிஃப்டுல காது அடைக்கும், எச்சில் முழுங்கிக்கோங்க. கதவு திறந்ததும் சுழல் கேட், அதைத் தாண்டினா திறந்த வெளி. செடி, மரம், பெஞ்ச், கால் நீட்டி சாஞ்சுக்கற மாதிரி இருக்கை, மரப்பலகை மாதிரி தரை. ஒரு டவர்லேர்ந்து இன்னொரு டவர் உச்சிக்கு நடந்து போயிட்டே இருக்கலாம். கடை கண்ணி எதுவும் கிடையாது, தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. மதியானம் 12 மணிக்குப் போனா கருவாடா காய்ஞ்சுருவீங்க, நிழல் கம்மி. அத்தைக்கு உயரம்னா பயம், நடுவுல இருக்கற பெஞ்ச்ல உக்காந்துட்டு "நீங்க பாத்துட்டு வாங்க, நான் இங்கயே சாமி கும்பிட்டுக்கறேன்"னுட்டாங்க.

வ்யூன்னு சொன்னா தெக்குப் பக்கம் துறைமுகம், கலர் கலரா கன்டெய்னர் அடுக்கி வச்சிருக்கும், அதுக்குப் பின்னாடி செந்தோசா, அதுக்கும் பின்னாடி கடல்ல கப்பல் வரிசை. இந்த கன்டெய்னர் காட்சி ரொம்ப நாளைக்கு இருக்காது, நகரத்தை ஒட்டி இருக்கற துறைமுகத்தையெல்லாம் துவாஸுக்கு மாத்திட்டு இருக்காங்க, அதுக்காகவே ஒரு தடவை போய்ப் பாத்துடலாம். இந்த ஹார்பர் பக்கம்தான் நம்ம ஆளுங்க ஒரு காலத்துல கூட்டமா இருந்தது, கப்பல்ல மூட்டை தூக்கினவங்க, ரயில்வேயில வேலை பாத்தவங்க. அந்த தஞ்சோங் பகார் ரயில் ஸ்டேஷனும் மேலேர்ந்து தேடினா கிடைக்கும், 1932ல திறந்தது, 2011 ஜூன் கடைசியோட வண்டி நின்னுடுச்சு. இன்னொரு பக்கம் ஆஃபீஸ் டவருங்க, 280 மீட்டருக்கு மேல உயரமான குவோக்கோ டவர் மூக்கை இடிக்கற மாதிரி நிக்கும். அதுக்கு நடுவுல சவுத் பிரிட்ஜ் ரோடு பக்கம் நம்ம மாரியம்மன் கோயில் இருக்கு, 1827ல நாராயண பிள்ளை ஆரம்பிச்சது. அத்தை அந்தத் திசையைக் கேட்டுக்கிட்டுதான் கும்பிட்டாங்க.

எனக்குப் பிடிச்ச காட்சி நேர் கீழ. செவ்வோடு போட்ட கடைவீட்டுக் கூரைங்க, வரிசை வரிசையா. இந்த தஞ்சோங் பகார் கடைவீடுங்களை 1980கள் கடைசியில பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சாங்க, அதனால இடிக்கல. யோசிச்சுப் பாருங்க, ஜனங்க மூச்சு முட்டி இருந்த நூறு வருஷக் கட்டடம் பெயின்ட் அடிச்சு பாரும் ஆர்க்கிடெக்ட் ஆஃபீஸுமா ஜம்முனு நிக்குது, அந்த ஜனங்களுக்காக கட்டின நாப்பது வருஷ புளோக் தரைமட்டம். இதை மாமாகிட்ட சொன்னேன். அவர், "சுண்ணாம்புக் கட்டடத்தை ரிப்பேர் பண்ணலாம் மாப்ள, அந்தக் காலத்து கான்கிரீட்ல கம்பி துருப்பிடிச்சா ரிப்பேர் செலவுக்கு புதுசே கட்டிடலாம்"னார். பாதி சரி. மீதிப் பாதி, கடைவீடு மூணு மாடி, இது 50 மாடி, நகரத்துக்குள்ள 1,848 குடும்பத்தை வைக்கணும்னா உயரத்துக்குப் போயே ஆகணும். மொத்த இடமே 2.5 ஹெக்டேர்தான், ஆறு ஏக்கர் சொச்சம். நம்ம ஊர் கல்யாண மண்டபம் ஒண்ணு பார்க்கிங்கோட இந்த அளவு இடம் எடுத்துக்கும்.

மாமா ஒரு மணி நேரமா தேடினது ஓதம். சுவத்துல, சீலிங்ல, பாலத்தோட அடியில, பைப் போற இடத்துல. "பதினஞ்சு வருஷம் தாண்டின கட்டடமா இது, எங்கயும் ஓதம் காணமே"ன்னு ஒரு மாதிரி ஏமாத்தமாவே சொன்னார். காரணம் ரெண்டு. ஒண்ணு, சுவரும் தளமும் ஃபேக்டரியில வார்த்து எடுத்துட்டு வந்து இங்க கோத்தது, ஸ்பாட்டுல கலவை போட்டு பூசற வேலை ரொம்பக் கம்மி, அதனால தரம் ஒரே சீரா இருக்கு. ஆனா பெரிய காரணம் அது இல்லன்னு நான் நினைக்கறேன். நகர மன்றம்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு வீடும் மாசாமாசம் பராமரிப்புக் கட்டணம் கட்டணும், அதுல ஒரு பங்கை இன்னிக்கு செலவு பண்ணாம பின்னாடி வரப்போற பெரிய ரிப்பேருக்குன்னு ஒதுக்கியே வைக்கணும்னு சட்டம், 2017லேர்ந்து லிஃப்ட் மாத்தறதுக்குன்னே தனி நிதி. சில வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட். லைட் எரியலன்னா போன் பண்ணினா ஆள் வரும்.

இதைக் கேட்டு மாமா ரொம்ப நேரம் பேசினார். ஊர்ல கட்டறதுக்கு பணம் வந்துடுமாம், கல்வெட்டு வச்சு ரிப்பன் வெட்டற வரைக்கும் எல்லாம் ஜரூரா நடக்குமாம், மறுவருஷம் மோட்டார் ரிப்பேர்னா வீட்டுக்கு இருநூறு ரூபா வசூல் பண்றதுக்குள்ள உசுரு போயிடுமாம். நாலு மாடிக்கே இந்தக் கதின்னா 50 மாடி லிஃப்ட் நின்னா என்ன ஆகும்னு கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பில்டிங்கை இடிச்சு ஏழைகளுக்கு உயரமா கட்டித்தரோம்னு எந்த ஊர்ல யார் சொன்னாலும் நான் முதல்ல கேக்கறது இதுதான், லிஃப்டுக்கு யார் காசு கட்டறது? பத்தாவது வருஷம்?

இப்போ விலை. இங்கதான் என் ரிவ்யூ கசக்க ஆரம்பிக்கும்.

2004ல இதை வித்தப்ப விலை 2,89,200 வெள்ளியிலேர்ந்து 4,39,400 வெள்ளி வரைக்கும். நாலறை, அஞ்சறை வீடுங்க மட்டும்தான், நம்ம ஊர்க் கணக்குல மூணு பெட்ரூம், ஆயிரம் சதுர அடிக்கு அக்கம்பக்கம். குடும்ப வருமானம் மாசம் 8,000 வெள்ளிக்கு உள்ள இருக்கணும். சிபிஎஃப் (நம்ம ஊர் பிஎஃப் மாதிரி) காசைப் போட்டு கடன் வாங்கி ரெண்டு பேரும் வேலைக்குப் போற சாதாரணக் குடும்பம் சமாளிக்கற விலைதான், நகரத்து மையத்துல, 99 வருஷ குத்தகை. அந்த விலைக்கு அந்த வீடுன்னா பத்துக்கு பத்து.

ஆனா அஞ்சு வருஷம் குடியிருந்துட்டா ஓபன் மார்க்கெட்ல வித்துக்கலாம்ங்கறது ரூல். 2009 கடைசியில கட்டி முடிஞ்சுதா, 2014, 2015லேர்ந்து விக்க ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்லயே அஞ்சறை வீடு 10 லட்சம் வெள்ளியைத் தாண்டிடுச்சு, இப்போ அதுக்கும் மேல மேல போகுது. மாமா மனசுக்குள்ளயே ரூபாயில பெருக்கிட்டு "ஆறு கோடிக்கு மேலயா? கவர்மெண்ட் வீடா?"ன்னு திரும்பி என்னைப் பாத்தார், நான் என்னமோ அந்த விலையை வச்ச மாதிரி.

முதல்ல வாங்கினவங்க மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. ரூல் என்ன சொல்லுச்சோ அதைத்தான் செஞ்சாங்க, அவங்க இடத்துல நான் இருந்தா நானும் வித்துட்டு ஊர் ஓரத்துல செங்காங் பக்கம் பெரிய வீடா வாங்கிட்டு மிச்சத்தை பேங்க்ல போட்டிருப்பேன். ஆனா கணக்கைப் பாருங்க. கவர்மெண்ட் மைய நிலத்தை மார்க்கெட் விலைக்கு ஏலம் விடாம விட்டுக் குடுத்துச்சு, அந்த விட்டுக் குடுத்த காசு மொத்தமும் ஒவ்வொரு வீட்டையும் முதல்ல வாங்கின ஒரே ஒரு குடும்பத்தோட கைக்குப் போச்சு. ரெண்டாவதா அந்த வீட்டுக்கு வர்ற நர்ஸுக்கோ பஸ் டிரைவருக்கோ அதுல அஞ்சு காசு கிடையாது, அவங்க அந்த விலையில எட்டிக் கூட பாக்க முடியாது. கட்டடம் 99 வருஷம் நிக்கும், கட்டுபடியாகற விலை மட்டும் முதல் கையோட முடிஞ்சுது.

இன்னொண்ணும் இருக்கு. இதுல சின்ன வீடே இல்ல. ரொம்பக் குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு எச்டிபி குடுக்கற ஓரறை, ஈரறை வாடகை வீடு இந்த ஏழு டவர்ல ஒண்ணு கூட கிடையாது. 1960கள்ல இதே மண்ணுல புளோக் கட்டினது அறைக்குள்ள அடைஞ்சு கிடந்த ஜனங்களுக்காக. 2004ல வித்தது நடுத்தர வர்க்கத்துக்கு. அது தப்புன்னு சொல்லல, ஆனா ஏழைகளுக்கான வீடுன்னு இதை ஒரு உதாரணமா காட்டி ஸ்லைடு போடறவங்க இந்த விஷயத்தைச் சொல்லாம தாண்டிடறாங்க.

கவர்மெண்டும் இதைப் பாக்காம இல்ல. 2021 நவம்பர்ல ரோச்சோர்ல, நம்ம லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போற தூரம்தான், ரிவர் பீக்ஸ்னு முதல் முதலா வேற ரூல்ல வீடு போட்டாங்க. பத்து வருஷம் குடியிருந்தாத்தான் விக்கலாம், முழு வீட்டையும் வாடகைக்கு விடவே முடியாது, விக்கறப்ப விலையில 6 சதவீதத்தை கவர்மெண்டுக்குத் திருப்பிக் கட்டணும், வாங்கறவங்களுக்கும் வருமான வரம்பு உண்டு. வாடகை வீடும் சேத்தே அந்த இடத்துல திட்டம் போட்டாங்க. 2024 அக்டோபர்லேர்ந்து புதுசா வர்ற எல்லா பிடிஓ (முன்பதிவு வாங்கிட்டு எச்டிபி கட்டற) வீட்டையும் ஸ்டாண்டர்ட், பிளஸ், ப்ரைம்னு மூணா பிரிச்சு, இடம் நல்லா இருக்க இருக்க கட்டுப்பாடும் கூடும்னு ஆக்கிட்டாங்க. பினக்கிள் சொல்லிக் குடுத்த பாடம்னு நேரா யாரும் சொல்ல மாட்டாங்க, ஆனா பினக்கிளைப் பாத்தவங்களுக்குப் புரியும்.

என்னைக் கேட்டா அதுவும் பாதி வைத்தியம்தான். வாங்கற ஆளோட வருமானத்துக்கு வரம்பு வச்சா விலை தானா அடங்கும்னு கணக்கு, ஓரளவுக்கு அடங்கும், ஆனா அப்பா அம்மா காசு வச்சிருக்கற பசங்களுக்கு சம்பளம் கம்மியா இருந்தா என்ன, கையில ரொக்கம் இருக்குமே. வியன்னா மாதிரி நகராட்சியே சுமார் ரெண்டு லட்சத்து இருபதாயிரம் வீட்டை வச்சுக்கிட்டு விக்காம வாடகைக்கு மட்டும் விடறது ஒரு வழி. இங்க அது நடக்காது. இங்க ஒவ்வொருத்தரோட ரிட்டயர்மென்ட் காசும் வீட்டுச் சுவத்துலதான் இருக்கு, வீட்டு விலை ஏறக்கூடாதுன்னு புளோக் கீழ உக்காந்து பேசற அதே அங்கிள்தான் தன் வீட்டு விலை எவ்வளவு ஏறிச்சுன்னு மாசாமாசம் பாப்பார்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு தனி கணக்கு வேற. 1989லேர்ந்து இன ஒதுக்கீடு இருக்கு, எந்த புளோக்கா இருந்தாலும் ஒரு இனம் இத்தனை சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. லிட்டில் இந்தியா மாதிரி ஒரே இடத்துல குமியாம எல்லா புளோக்குலயும் தீபாவளி லைட்டும் சீனப் புத்தாண்டு லைட்டும் எரியறதுக்கு இதுதான் காரணம், அது நல்லதுதான். ஆனா விக்கறப்ப சீன கோட்டா நிறைஞ்சு போயிருந்தா நம்ம வீட்டை சீனருக்கு விக்க முடியாது, வாங்க வர்ற ஆள் கம்மி, விலையும் குறையும். 2022லேர்ந்து ரொம்ப நாளா விக்க முடியாம மாட்டிக்கிட்டவங்ககிட்டேர்ந்து எச்டிபியே வீட்டைத் திருப்பி வாங்கிக்கற வழியும் வச்சிருக்காங்க. மைய இடத்துல வீடு பாக்கற நம்ம ஆளுங்க விலையோட சேத்து இதையும் விசாரிச்சுக்கோங்க, வாங்கறப்ப ஏஜென்ட் தானா சொல்வான்னு நம்பாதீங்க.

பசுமைக் கட்டடம்னு விளம்பரத்துல வர்ற வார்த்தையைப் பத்தியும் ரெண்டு வரி. மொட்டை மாடியில செடி வச்சா மட்டும் பசுமை ஆகிடாது. நாப்பது வருஷ கான்கிரீட்டை இடிச்சு அதைவிட பல மடங்கு கான்கிரீட் கொட்டினது சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா சிரிப்புதான் வரும், 50 மாடிக்கு தண்ணி ஏத்தற பம்பும் லிஃப்டும் குடிக்கற கரண்ட் வேற. ஆனா இன்னொரு கணக்கு இருக்கு, அது பெருசு. இங்க இருக்கறவங்க பாதிப் பேர் ஆஃபீஸுக்கு நடந்தே போயிடலாம். அவுட்ரம் பார்க்ல மூணு எம்ஆர்டி லைன். கார் தேவையே இல்ல. கார் பார்க்கிங்கைக் கீழ மறைச்சு அதுக்கு மேல மண் போட்டு தோட்டமாக்கிட்டாங்க, நடந்து போறப்ப கீழ கார் நிக்குதுன்னே தெரியாது. இதே 1,848 குடும்பத்தை ஊர் ஓரத்துல கொண்டு போய் வச்சா தினம் போக வர ரெண்டு மணி நேரம் பஸ்ஸும் ரயிலும். மாமா அந்த இடத்துல கண்ணகி நகரைத்தான் சொன்னார், மெட்ராஸ் நடுவுல இருந்த ஜனத்தை அங்க கொண்டு போய் வச்சதும் வீட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்கு வேலையே போச்சுன்னு. வீடு எங்க இருக்குங்கறதுதான் பாதி பசுமை, மீதிதான் சோலார் பேனலும் செடியும்.

26வது மாடியில இன்னொரு பாலம் இருக்கு, ஓடறதுக்கு ட்ராக், உடற்பயிற்சி சாமான் எல்லாம், ஆனா அது குடியிருக்கறவங்களுக்கு மட்டும், நமக்கு அனுமதி இல்ல. அதுல எனக்கு ஒண்ணும் குறை இல்ல, அவங்க வீடு, அவங்களுக்கும் டூரிஸ்ட் தொல்லை இல்லாத இடம் வேணும்ல. 50வது மாடியில கூட சத்தமா பாட்டு போட்டுட்டுத் திரியாதீங்க, கீழ இருக்கறது யாரோ ஒருத்தரோட படுக்கையறை.

6 வெள்ளி கூட குடுக்க மாட்டேன்னு சொல்ற சிக்கன சிகாமணிகள் குவீன்ஸ்டவுன் பக்கம் ஸ்கைவில் அட் டாசன் போங்க. அதுவும் எச்டிபிதான், 2015ல முடிச்சது, வோஹாங்கற ஆர்க்கிடெக்ட் கம்பெனி டிசைன், 960 வீடு, மொட்டை மாடித் தோட்டம் பொதுமக்களுக்கு ஃப்ரீ. வ்யூ இந்த அளவுக்கு இல்ல, கடல் தூரமா போயிடும். ஆனா வீடா பாத்தா எனக்கு அதுதான் ஒரு படி மேல. 80 வீட்டுக்கு ஒரு பொதுத் திண்ணைன்னு பிரிச்சு பிரிச்சு வச்சிருக்காங்க, காத்து ஒரு பக்கம் புகுந்து இன்னொரு பக்கம் போற மாதிரி வீடுங்க. பினக்கிள்ல 1,848 வீட்டுக்கும் சேத்து ரெண்டே பாலம், பக்கத்து வீட்டுக்காரங்களை அங்க போய் சந்திக்கணும்னா லிஃப்ட் எடுத்துட்டுப் போகணும். ஸ்கைவில்ல கதவைத் திறந்து நாலு எட்டு வச்சா பிள்ளைங்க விளையாடற இடம். அத்தைக்கு அங்க உயர பயம் கூட வரல, அந்தத் திண்ணையில ஒரு சீனப் பாட்டியோட பாஷை தெரியாமலே பேசிட்டு இருந்தாங்க.

ஸ்டார் போடணும்னா, வ்யூவுக்கு அஞ்சு. கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் அஞ்சு, இது மாமா போட்டது, ஓதம் கிடைக்காத கோவத்துல அரை ஸ்டார் குறைக்கப் பாத்தார், நான் விடல. முதல் ஆளுக்கு வித்த விலைக்கு அஞ்சு. இன்னிக்கு விலைக்கு ஒண்ணு, அதுவும் அட்ரஸுக்காக.

போறவங்களுக்கு கடைசியா ஒண்ணு ரெண்டு. சாயங்காலம் அஞ்சரை, ஆறுக்குப் போனா வெயிலும் தணிஞ்சிருக்கும், ஏழேகாலுக்கு சூரியன் மறையறதையும் பாத்துட்டு லைட் போடறதையும் பாத்துட்டு இறங்கலாம். மழை மேகமா இருந்தா போகாதீங்க, திறந்த வெளி, ஒதுங்க இடம் கம்மி. இறங்கினதும் பசிக்கும், சாப்பாட்டுக் கடைங்க இருக்கற மேக்ஸ்வெல் ஹாக்கர் சென்டர் நடக்கற தூரம், சைவம் மட்டும் சாப்பிடறவங்க இருந்தா சவுத் பிரிட்ஜ் ரோடு வழியா கோயிலுக்குப் போயிட்டு அப்படியே ரயில் ஏறி லிட்டில் இந்தியா போயிடுங்க, அத்தை மாமாவோட நான் அதைத்தான் செஞ்சேன்.